ரப்பர் குல்லா போட்ட நாற்காலி

…பதினெட்டு, பத்தொன்பது, இல்லை, பதினெட்டுதான், எங்கே விட்டோம், அடுப்பில் பால் இருக்கிறதா, இல்லை, இறக்கியாச்சு, இறக்கி மூடி போட்டு மூடிமேல் கரண்டியும் வைத்தாச்சு, அப்படியானால் பத்தொன்பது, சுப்ஹானல்லாஹ், இருபது, சுப்ஹானல்லாஹ்… ஹஃபீஸா மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை மட்டும் மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத்தான் இடம். தலைக்கு மேலே மின்விசிறி ஓடவில்லை, அதன் மூன்று இறக்கைகளிலும் கரை கட்டிய மாதிரி தூசி, இன்றைக்குப் பார்த்துத்தானா இது கண்ணில் பட வேண்டும், வருகிறவர்கள் படுக்கையறைக்குள் வந்து விசிறியைப் பார்க்கவா போகிறார்கள், பார்க்கலாம், பெண் பார்க்க வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் எதை விடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்… முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. இடுப்பை இறக்கினாள். பிசியோதெரபி முனீஸ்வரி சொன்னது முப்பது விநாடிதான். ஆனால் தரையில் படுத்துக்கொண்டு கடிகாரத்தை எங்கே பார்ப்பது, செல்போனில் வைத்தால் அது நடுவில் யாருடைய வாட்ஸ்அப்பையாவது கொண்டுவந்து நீட்டுகிறது, அதனால் ஒரு சுப்ஹானல்லாஹ்வுக்கு ஒரு விநாடி என்று அவளே வைத்துக்கொண்டாள், ஆனால் அந்த எண்ணிக்கை முப்பதில் நிற்காது, சின்ன வயதிலிருந்து விரல் ரேகையில் ஓட்டிப் பழகியது, முப்பத்துமூன்றில்தான் போய் நிற்கும். முனீஸ்வரியிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள், மூணு விநாடி போனஸ்க்கா, முதுகு வேணாம்னா சொல்லப்போகுது என்றாள். திக்ரை இப்படிக் கடிகாரமாக ஆக்கலாமா, பாவமா என்று முதல் வாரம் யோசித்தாள். பிறகு யோசிக்கவில்லை. எதையுமே அவ்வளவு தூரம் யோசிப்பதில்லை இப்போதெல்லாம்.

இடது பாதத்தின் வெளி ஓரம் தரையில் பட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சுண்டுவிரலிலிருந்து குதிகால்வரை ஒரு விரலகலத்துக்கு நாடா ஒட்டியது போல உணர்ச்சியே கிடையாது, போன வருடம் காஜிமார் தெருவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு விளாங்குடி வீடுவரை வந்துவிட்டாள், ஆட்டோவை விட்டு இறங்கும்போது ருமானாதான் பார்த்து, அம்மா, இன்னொண்ணு எங்கம்மா என்று கேட்டாள், தேடிப் போகவும் இல்லை, எங்கே கழன்றது என்று தெரிந்தால்தானே தேடுவது. வலி அங்கே இல்லை. வலி அதற்கு மேலே, இடுப்பின் இடப்பக்கத்தில் ஆரம்பித்துத் தொடையின் பின்னால் இறங்கிக் கெண்டைக்காலில் போய் உட்காரும். எப்போது ஆரம்பித்தது என்று ஒவ்வொரு டாக்டரும் கேட்டார்கள். முதல் டாக்டரிடம் மகளைப் பெற்றதிலிருந்து என்றாள், அது பொய். அடுத்தவரிடம் பழைய வீட்டு மாடிப்படியில் தண்ணீர்க் குடத்தோடு சறுக்கினேன் என்றாள், சறுக்கியது உண்மைதான், ஆனால் வலி அதற்கு முன்பே இருந்தது. மூன்றாமவரிடம் தெரியலை என்றாள். தெரியலை என்றதும்தான் அவர் நிமிர்ந்து பார்த்து, மனசுல ஏதும் கவலையாம்மா என்றார். ஸ்கேனில் வயதுக்கேற்ற தேய்மானம் என்று எழுதியிருந்தது. இப்போது நாற்பத்து மூன்று. ஒன்பது வருடத்துக்கு முன்னால் முப்பத்து நான்கு, அப்போதும் அதையேதான் எழுதினார்கள். முனீஸ்வரி மட்டும் எப்போது என்று கேட்கவில்லை. இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை மாடியில் பிசியோதெரபி பார்க்கிற பெண், உசிலம்பட்டிப் பக்கம், ருமானாவைவிட நாலைந்து வயதுதான் கூட இருப்பாள், முதல் நாள் அவள் கேட்டது, காலையில எந்திரிச்சதும் மொதல்ல எதப் பிடிச்சு நிக்கிறீகக்கா? பீரோ கைப்பிடியை என்று சொன்னாள் ஹஃபீஸா. ஒன்பது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி, அதற்குப் பதில் உடனே வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அக்கா, இது வாடகைக்கு வந்த வலி இல்ல, பட்டா வாங்கிச் சொந்த வீடு கட்டிருச்சு, காலி பண்ணு காலி பண்ணுன்னு அதுகூட மல்லுக்கட்டாதீக, அதுக்கு ஒரு ரூமை விட்டுட்டு மிச்ச வீட்டுல நீங்க புழங்குங்க… மிச்ச வீடு என்பது இதுதான், காலையில் இருபது நிமிடம், சாயங்காலம் இருபது நிமிடம், இந்தப் பாய். இரண்டு நாள் விட்டால் மூன்றாம் நாள் குளியலறைக்குச் சுவரைப் பிடித்துத்தான் போக வேண்டும், சோதித்துப் பார்த்துவிட்டாள்.

தலைமாட்டில் இருந்த இரண்டு துவரம்பருப்புப் பாக்கெட்டுகளை எடுத்துக் கைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டாள், ஒவ்வொன்றும் ஒரு கிலோ, மார்புக்கு மேலே நீட்டி மடக்கி நீட்டி மடக்கி, நாளைக்கு இதில் ஒன்றைப் பிரிக்க வேண்டும், பிரித்தால் ஒரு கைக்கு எடை குறைந்துவிடும், அப்போது உளுந்தை எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் எல்லோருக்கும் இது வேடிக்கை. கணவர் பரீத் ஒரு நாள் சமையற்கட்டில் நின்று, ஹஃபீ, சாம்பாருக்கு உன் டம்பெல்லை எடுத்துக்கட்டா என்றார். சிரித்தாள். அவர் நல்லவர்தான். டவுனில் தையல் மெஷின் பாகங்கள் விற்கிற கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர், அவள் கீழே உட்கார்ந்து தொழ முடியாமல் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டபோது அதன் கால்கள் தரையில் கிறீச்சென்று இழுபட்டு விடியற்காலையில் வீட்டையே எழுப்பியது, மறுநாளே ஊன்றுகோலுக்குப் போடுகிற ரப்பர் குல்லா நாலு வாங்கிவந்து ஒவ்வொரு காலுக்கும் மாட்டிவிட்டார். மாமியார் ஜெயினம்புதான் அந்த நாற்காலியோடு ஒத்துப்போகவே இல்லை. எனக்கு அறுபத்தெட்டு வயசாகுது, நான் தரையில தலைய வச்சுத் தொழுகலையா… அடுப்படியில நிக்கத் தெரியுது, கடைக்குப் போகத் தெரியுது, படைச்ச ரப்புக்கு முன்னாடி மட்டும் மகாராணி மாதிரி நாற்காலி… நேரே சொல்ல மாட்டார்கள், காய் நறுக்கிக்கொண்டே, முருங்கைக்காயிடம் சொல்வது போல. ஹஃபீஸாவுக்குப் பதில் இருந்தது, நிற்பது வேறு, நடப்பது வேறு, இறங்கி எழுவதுதான் மாமி கொல்கிறது, ஒரு நாளைக்கு ஐந்து நேரத்துக்கு எத்தனை இறங்கல் எத்தனை எழல் என்று… அந்தப் பதிலை அவள் மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள், அதனாலேயே வெளியே சொல்ல வேண்டிய அவசியம் போய்விட்டது போலிருந்தது.

இப்போது கடைசிப் பயிற்சி. முனீஸ்வரி அதற்கு என்னவோ பெயர் சொன்னாள், பிறகு, பச்சப்புள்ள குப்புறத் தூங்குமில்லக்கா, அது மாதிரி என்றாள். உடம்பு நன்றாகச் சூடான பிறகுதான் செய்ய வேண்டும், அதுவும் ஒரு வேளைக்கு ஒரே ஒரு தடவை. முட்டிக்கால் போட்டு, தொடைக்கும் கெண்டைக்கும் நடுவில் ஒரு தலையணை, நெற்றிக்கு ஒரு தலையணை, கைகளைத் தலைக்கு முன்னால் நீட்டி, மெதுவாக, மெதுவாக… இறங்க ஒரு நிமிடம் ஆகும். எழ இரண்டு நிமிடம், கட்டில் காலைப் பிடித்து, ஒட்டகம் எழுகிற மாதிரி. தலையை வைக்க இடம் இருப்பது பாயின் சுவரோர நுனியில் மட்டும்தான், அது மேற்கு. அது தொழுகிற திசை, கிப்லா பக்கம் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை, மூன்று வாரத்துக்கு முன்னால்வரை. அன்றைக்கு விடியற்காலை ஃபஜ்ர் நேரம், நாற்காலியில் தொழுதுவிட்டுக் குளிருக்காக வெள்ளைத் துப்பட்டியைக் கழற்றாமலே பாயில் இறங்கி எல்லாம் செய்து முடித்துக் கடைசியில் இப்படிக் கவிழ்ந்து கிடந்தாள், சுப்ஹானல்லாஹ், சுப்ஹானல்லாஹ் என்று சத்தமாகவே, வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை என்று நினைத்து. நாற்காலி கதவுக்குப் பின்னால் இருந்தது. குளியலறைக்குப் போன ஜெயினம்பு திரைச்சீலையின் இடுக்கு வழியாகப் பார்த்தது, மேற்கே பார்த்து, துப்பட்டி போர்த்தி, நெற்றியைத் தரையில் வைத்து முணுமுணுக்கிற மருமகளை.

அன்றைக்கே காலையில் பாதாம் போட்டுப் பால் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடிம்மா என்றார்கள். முருங்கைக்காயோடு பேசுவது நின்றது. மிளகாய் வற்றலைக் காயப்போட மாடிக்குத் தானே போனார்கள். என்ன ஆயிற்று இவர்களுக்கு என்று ஹஃபீஸா நாலு நாள் குழம்பினாள், ஐந்தாம் நாள் மாமியார் தன் தங்கையிடம் போனில் பேசுவது கேட்டது, அவர்களுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள், தெருவுக்கே கேட்கும். நம்ம ஹஃபீஸா கீழ சஜ்தா செய்றாடி, நான் என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன், கோரிப்பாளையம் தர்காவுல ஏழு வெள்ளி நேர்ந்துக்கிட்டேன், ஏழாவது வெள்ளி முடிஞ்சு மூணாம் நாள்… அழுகிற சத்தம். கையில் இட்லி மாவுப் பாத்திரத்தோடு ஹஃபீஸா நின்றாள். அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம், மாமி, அது தொழுகை இல்லை, எக்சர்சைஸ். ஒரே வரி. ஏன் சொல்லவில்லை? அவர்கள் அழுததாலா, பாதாம் பாலாலா, அல்லது நாற்காலி வந்த எட்டு வருடத்தில் முதல் தடவையாக வீட்டில் நாலு நாள் அமைதியாக இருந்ததாலா? அதன் பிறகு விடியற்காலையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு நாற்காலியில் தொழுதாள். தாழைத் திறந்து வைத்துவிட்டுப் பயிற்சி செய்தாள். திறந்து வைத்ததை வேண்டுமென்று செய்யவில்லை, காற்றுக்காக. காற்றுக்காகத்தான்.

…இருபத்தாறு, இருபத்தேழு. திரைச்சீலை வளையங்கள் நகர்கிற சத்தம். கட்டில் ஓரம் அமுங்கியது. யாரோ உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். முப்பத்துமூன்று வந்து, கடந்து போயிற்று, அவர்கள் முன்னால் ஒட்டகம் மாதிரி எழுவதா, போகட்டும், போய்விடுவார்கள், நாற்பத்தைந்து, ஐம்பது, தொடை நடுங்க ஆரம்பித்தது, அறுபத்தாறில் எழுந்தே விட்டாள். கட்டில் காலைப் பிடித்து முட்டியில் நின்றபோது ஜெயினம்பு அவள் தோளைத் தொட்டு, என்ன தொழுகைம்மா இந்நேரம், அஸருக்கு இன்னும் அரை மணி இருக்கே, விட்டுப்போன ளுஹர் களாவா என்றார்கள். இதோ இப்போது, கேட்டே விட்டார்கள், இப்போதாவது… ம், என்றாள் ஹஃபீஸா. வாயைத் திறக்காமலே ஒரு பொய் சொல்ல முடிகிறது. அதன் பிறகு எதுவும் உள்ளே அசையவில்லை, சுண்டுவிரல் பக்கம் மாதிரி.

“நல்லது, நல்லது. இங்க பாரு, வாரவுக ஆறு மணிக்கெல்லாம் வந்துருவாக. மஃரிப் தொழுகை இங்கதேன். ஆம்பளைக பள்ளிக்குப் போயிருவாக, நாம ஹால்ல விரிச்சு, பொம்பளைக எல்லாம் ஒரே வரிசையா நின்னு தொழுதுருவோம். நீ எம்பக்கத்துல நில்லு. அந்த நாற்காலிய பரீதுட்டச் சொல்லிப் பின்னாடி போட்டாச்சு, இனி எதுக்கு அது.”

“மாமி…”

“மாப்பிள்ள ஆசிப்போட அம்மா எல்லாத்தையும் விசாரிச்சிருக்குடி. பொண்ணோட அம்மாவுக்கு இந்த வயசுலயே நாற்காலித் தொழுகையாமே, என்ன நோவு, வழிவழியா வர்றதான்னு எங்கிட்டயே கேட்டுருச்சு. நாந்தேன் சொன்னேன், அதெல்லாம் அல்லாஹ் போக்கிட்டான், நீங்களே வந்து பாருங்கன்னு. எம்பேச்சக் காப்பாத்திரும்மா. எம்பேத்தி நல்லா இருக்கணும்ல.”

கன்னத்தை ஒரு தடவை தடவிவிட்டு எழுந்து போனார்கள். எழும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஹஃபீஸா இன்னும் முட்டியில்தான் நின்றாள். முதல் கவலை ருமானாவைப் பற்றி வரவில்லை, மாமியாரைப் பற்றியும் வரவில்லை, நாற்காலியைப் பற்றி வந்தது, பின்னால் என்றால் எங்கே, வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் வெளுத்து முறிந்துவிடுமே.

நடையில் பரீத் தம்ரூட் இனிப்பு டப்பாவோடு எதிரே வந்தார். டவுனிலிருந்து வாங்கி வந்தது, நெய் வாசனை காகிதத்தைத் தாண்டி வந்தது. மச்சான், நாற்காலிய எங்க போட்டீங்க என்று கேட்டாள். பின்னாடி பால்கனியில, கொடிக்குக் கீழ என்று டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஹஃபீ, மூணு ரக்அத், ஆறு சஜ்தாதானே, நீ தினம் செய்றதுதான, அதையே கொஞ்சம் வேகமா செய்யணும், அம்புட்டுத்தான். அம்மா பாவம், சொல்லிருச்சு. நாளைக்கு வேணா நான் சமைக்கிறேன். அவருக்குத் தெரியும். அந்த அறையில்தானே தூங்குகிறார், அவள் என்ன செய்கிறாள் என்று அவருக்குத் தெரியும், அம்மா என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரியும், மூன்று வாரமாக அவரும் பாதாம் பால் வீட்டில்தான் இருக்கிறார். ஆறு என்று எண்ணிவிட்டார். இறங்குவதை எண்ணினார், எழுவதை எண்ணவில்லை. ஆறு தடவை, கட்டில் கால் இல்லாமல், சூடாகாத உடம்போடு, இரண்டு பக்கமும் ஆட்கள் இடித்துக்கொண்டு… செய்ய முடியாதா என்றால், செய்யலாம். அதுதான் சங்கடம். பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடலாம், மூன்றாவது எழலில் தொடைக்குப் பின்னால் வலி கம்பியாகப் பழுக்கும், ஆறாவதில் கண்ணில் தண்ணீர் வரும், சம்பந்தி அதைப் பக்தி என்று நினைத்துக்கொள்வாள். நாளைக்குப் படுக்கை. மறுநாளும். அதன் பிறகு ஒரு வாரம் பீரோ கைப்பிடி. அதுவும் போகட்டும், ஒன்பது வருடத்தில் எத்தனை வாரம் அப்படிப் போயிருக்கிறது, ஆனால் அதன் பிறகு? நிச்சயத்துக்கு வருவார்கள், நிக்காஹ், வலீமா, தலைநோன்பு, தலைப்பெருநாள், ருமானாவுக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கு… குணமானவளுக்கு எதற்கு நாற்காலி? குணமானவளுக்கு எதற்குப் பாயும் பருப்புப் பாக்கெட்டும்?

ருமானா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், மெரூன் நிறச் சுடிதார், அதன் கையில் ஒரு மடிப்பு போகவே மாட்டேன் என்கிறது, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்க்கிறாள். பி.ஃபார்ம் முடித்து ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒரு வருடமாக நிற்கிற பெண், அவளும் மாலையில் வந்தால் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள், நின்றதாலா, அல்லது வழிவழியா… ச்சே. அவங்க கேட்டதில் தப்பென்ன, நானே கேட்டுக்கொண்டதுதானே அது, ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. முகமது ஆசிப்பின் போட்டோவை ருமானா முதலில் காட்டியபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறது, சந்தோஷம் என்று அதற்குப் பெயர், தனக்கு அப்போது என்ன தோன்றியது என்றுதான் நினைவில்லை. அம்மா, பாட்டி சொன்னாங்களா என்று தலையைத் தூக்காமல் கேட்டாள் ருமானா. சொன்னாங்க. இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் ஒரே இடத்தில் நின்றது, பிறகு நகர்ந்தது. இன்னைக்கு மட்டும்மா, என்றாள். பிறகு, உனக்கு ரொம்ப முடியலைன்னா வேணாம்… மாத்திரை வேணா போட்டுக்கிறியா, நான் எடுத்துத் தரவா? எடுத்துக்கொண்டு வந்தும் கொடுத்தாள், தண்ணீரும். ஹஃபீஸா மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். நன்றாகத் தேய், கருகிரப் போகுது என்றாள்.

வந்துவிட்டார்கள். திருநகரிலிருந்து ஒரு காரில் ஆண்கள் இரண்டு பேர், பெண்கள் மூன்று பேர், ஆசிப்பின் அம்மா, அவளுடைய தங்கையும் மூத்த மகளும். திண்டுக்கல் ரோட்டில் ஏதோ தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அதைச் சுற்றி வந்ததில் அரை மணி போய்விட்டது என்று அதையே கொஞ்ச நேரம் பேசினார்கள். ஹஃபீஸா பயந்திருந்த மாதிரி ஆசிப்பின் அம்மா இல்லை. பருமனாக, எதற்கும் சிரிப்பவளாக இருந்தாள், தம்ரூட்டை ஒரு துண்டு எடுத்துப் பாதியை மகளிடம் கொடுத்து, மீதிப் பாதியோடு மறுபடி ஒரு முழுத்துண்டும் எடுத்துக்கொண்டாள். டாக்டர் இனிப்பே ஆகாதுன்னுட்டார், துண்டு துண்டாச் சாப்பிட்டா கணக்குல வராதுல்ல? எல்லோரும் சிரித்தார்கள். ருமானா டீ கொண்டுவந்தாள், சுடிதார் கையில் அந்த மடிப்பு இன்னும் இருந்தது. ஹஃபீஸா சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், சோபா கொஞ்சம் பள்ளம், அரை மணிக்கு மேல் ஆகாது. ஆசிப்பின் அம்மா அவள் பக்கம் சாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்திம்மா, உங்க மாமி போன்ல சொன்னதக் கேட்டு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, எந்நாத்தனாளுக்கும் முட்டி போச்சு, எத்தன வெள்ளி நேர்ந்தாகன்னு கேட்டுச் சொல்லுங்க, நாளைக்கே ஆரம்பிக்கச் சொல்றேன். அவள் கை சூடாக இருந்தது, டீ டம்ளர் பிடித்த கை. ஏழு வெள்ளி, என்று எதிர் சோபாவிலிருந்து ஜெயினம்பு சொன்னார்கள். மாமிக்குத்தான் தெரியும் என்றாள் ஹஃபீஸா. எங்கோ ஒரு நாத்தனார், அவளுடைய முட்டி, நாளைக்கே அவளும் அவளுடைய நாற்காலியைத் தூக்கிப் பால்கனியில் போடப் போகிறாள், ஏழு வெள்ளி கழித்து எல்லோரும் அவளைப் பார்ப்பார்கள், இறங்கு என்பார்கள்… அது கொஞ்சம் உறைத்தது. அவ்வளவு நேரத்தில் உறைத்தது அது ஒன்றுதான்.

பாங்கு சொன்னார்கள். ஆண்கள் செருப்பைத் தேடிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினார்கள். ஹாலில் ஜமக்காளம் விரித்து அதன்மேல் தொழுகை விரிப்பான முசல்லாக்களை மேற்கே பார்த்து ருமானா வரிசையாகப் போட்டாள், விருந்தாளிகளுக்கு மூன்று, தனக்கு ஒன்று, ஜெயினம்புவுக்கு ஒன்று, அவர்களுக்குப் பக்கத்தில் ஓரமாக ஒன்று, அதைத் தட்டித் தட்டிச் சுருக்கம் எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். நீங்க நில்லுங்க, நான் ஒளு செஞ்சுட்டு வாரேன் என்றாள் ஹஃபீஸா. குழாயடியில் மெதுவாகவே செய்தாள், முகம், முழங்கை, தலை, கால். இடது பாதத்தின் ஓரத்தில் தண்ணீர் பட்டதா என்று பார்த்துக்கொண்டாள். வெளியே வந்தபோது ஹாலில் தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்துவிட்டார்கள், ஐந்து முதுகுகள், ஓரத்தில் ஒரு வெறும் முசல்லா. இந்தப் பக்கம் போனால் ஹால், அந்தப் பக்கம் பால்கனி. யோசித்துப் போனாளா என்று பிறகு நினைத்துப் பார்த்தால் தெரியாது. நாற்காலியின்மேல் யாரோ ஈரத் துண்டைப் போட்டிருந்தார்கள், அதை எடுத்துக் கொடியில் விரித்தாள், துப்பட்டி நுனியால் இருக்கையைத் துடைத்தாள், ஓரத்தில் ஈரம் போகவில்லை, பரவாயில்லை. தூக்கினால் இடுப்பு பிடிக்கும் என்று இழுத்துக்கொண்டே வந்தாள். நடை, அடுப்படி வாசல், ஹால். ரப்பர் குல்லா போட்டிருந்ததால் சத்தமே வரவில்லை. வெறும் முசல்லாவுக்குப் பின்னால் சுவரோரமாகப் போட்டாள். அவரவர் தொழுகை அவரவர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, யாரும் திரும்பவில்லை. அவளும் கட்டினாள்.

தொழுகையில் கண் அலையக் கூடாது. சஜ்தாவின் இடத்தைப் பார்க்க வேண்டும். நாற்காலியில் இருப்பவளுக்குச் சஜ்தாவின் இடம் எது, முன்னால் இருக்கிற அந்தத் தரைதான், வெறும் முசல்லாவுக்கு வலப்புறம் மாமியாரின் பாதங்கள் இருந்தன, வெடித்த குதிகால், வெடிப்புக்குள் வாஸ்லின். அந்தப் பாதங்கள் இரண்டாவது சஜ்தாவிலிருந்து எழ வேண்டும். இடது கையைத் தரையில் ஊன்றினார்கள், வலது முட்டி கொஞ்சம் தூக்கியது, திரும்ப இறங்கியது, பல்லிடுக்கில் காற்று இழுக்கிற சத்தம், திரும்பத் தூக்கியது… ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை, நாக்கு பழகிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்கள் நின்று அடுத்த ஸூரா ஓத ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாம் ரக்அத்துக்குப் பிறகு எழுந்தபோது எண்ணிக்கை ஒன்பது. எத்தனை வருடமாக இப்படி? ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் தன் அறையில் கதவைச் சாத்தித் தொழுதாள், அவர்கள் அவர்களுடைய அறையில். காலையில் எழுந்ததும் முதலில் எதைப் பிடித்து நிற்கிறீர்கள் மாமி என்று யார் கேட்டார்கள். அவள் கேட்டாளா? கட்டில் சட்டம். மத்தியானம் பார்த்தாளே, கட்டில் சட்டம்.

தொழுகை முடிந்து ஸலாம் கொடுக்க ஜெயினம்பு முகத்தை வலப்பக்கம் திருப்பினார்கள், பிறகு இடப்பக்கம். இடப்பக்கத்தில் ஆளில்லாத முசல்லாவும் அதற்குப் பின்னால் நாற்காலியும் இருந்தன. கண் நாற்காலியிலேயே நின்றது. ஆசிப்பின் அம்மாவும் திரும்பிப் பார்த்துவிட்டாள், அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை, ஏதோ கேட்க வருகிற மாதிரி வாய் பாதி திறந்திருந்தது. ருமானா குனிந்து விரல் ரேகையை எண்ணிக்கொண்டிருந்தாள், ரொம்ப வேகமாக. ஜெயினம்பு இடது கையை நீட்டி அந்த வெறும் முசல்லாவின்மேல் வைத்து இரண்டு தடவை தட்டினார்கள், மற்றவர்களுக்குக் கேட்காமல், “அடுத்த சுன்னத் தொழுகையையாவது இங்க வந்து தொழும்மா” என்றார்கள்.

ஹஃபீஸா தன் தொழுகையை முடித்து ஸலாம் கொடுத்த பிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது. அவளைக் கூப்பிடத்தான் வைத்திருக்கிறார்களா, அல்லது எழுவதற்கு ஊன்றியிருக்கிறார்களா என்று ஹஃபீஸாவுக்குத் தெரியவில்லை. அவர்களுக்கே தெரியுமோ என்னவோ. நாற்காலியின் ஈரம் துணியைத் தாண்டி உடம்பில் பட்டது, இடப்பக்கம், சில்லென்று, அது நன்றாகத் தெரிந்தது.

“நீங்க தொழுங்க மாமி,” என்றாள். “நான் இங்கயே இருக்கேன்.”